எடுக்காத கை

கையை எடுக்க மாட்டேன் என்று கமர்நிசா சொன்னபோது, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்ற யாருக்கும் அது சரியாகப் பிடிபடவில்லை.

"எடுத்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார் ராக்கையா. ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர். பிரசவ அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருந்த, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைக்கூண்டைப் பார்த்துப் பேசினார்.

"எடுத்தா பிள்ளை செத்துரும்ணே."

"எம்புட்டு நேரம் இப்படியே இருப்பே?"

"போடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்."

ராக்கையா புகைக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்து, காயத்துக்கு மருந்து வைத்து, பிரசவத்துக்குக் கூப்பிட்டால் போய் நிற்கும் நர்சு கமர்நிசா. போடிக்காரி. அவள் அத்தா என்று கூப்பிடும் தகப்பனுக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. கல்யாணம் வேண்டாம் என்று மலையேறி வந்தவள் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அவள் அதை இல்லை என்று சொன்னதும் இல்லை.

உள்ளே கட்டிலில் விரித்த சாக்குப் படுதாவில் பொன்னுமணி மல்லாந்து கிடந்தாள். பனிக்குடம் உடைந்து தண்ணீர் கொட்டியபோது, அதோடு தொப்புள்கொடியும் நழுவி வெளியே வந்துவிட்டது. பிள்ளை இன்னும் மேலே நிற்கிறது. தலை இறங்க இறங்க, அதற்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் கொடி நசுங்கும். நசுங்கினால் ரத்தம் போகாது. இன்னும் வெளியே வந்து மூச்சிழுக்காத பிள்ளைக்குக் கொடிதான் மூச்சு. அதனால் கமர்நிசா கையை உள்ளே விட்டு, இரண்டு விரலால் தலையை மேலே தள்ளிப் பிடித்திருந்தாள். அவள் தள்ளிப் பிடித்தபிறகுதான் கொடி துடித்தது. அதற்கு முன் அது குளிர்ந்த குடல் மாதிரிக் கிடந்தது.

கொடியில் ஒரு நூல் கட்டியிருந்தது. நூலின் மறுமுனை பொன்னுமணியின் தொடையில்.

"இதை யாரு கட்டினது?"

"நாந்தேன்" என்றாள் மருதாயி. பொன்னுமணியின் மாமியார். லயத்தில் பிறந்த பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. "கொடி வெளிய வந்துட்டா தொடையில கட்டணும். இல்லாட்டி உள்ள ஏறிரும். நெஞ்சுக்குப் போய் அடைச்சுக்கிரும்."

"அது பிள்ளை பிறந்ததுக்குப் பிறகு ஆத்தா. பிள்ளை இன்னும் உள்ளதானே இருக்கு."

"கொடி வந்துருச்சுல்ல. கொடி வந்தா கட்டணும்."

கமர்நிசா இடது கையால் கத்தரியை எடுத்து நூலை வெட்டினாள். மருதாயி முறைத்தாள். அவளோடு சண்டை போட நேரமில்லை. இந்த வீட்டில் முதல் பிள்ளை பிறந்தபோது கமர்நிசா இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளை அழாமல் பிறந்தது. மருதாயி கொடியை அறுக்காமல், பிள்ளைக்குப் பின்னால் விழும் நஞ்சை ஒரு சட்டியில் வைத்து, அடியில் கங்கு போட்டுக் காய்ச்சினாள். நஞ்சு சூடானால் அந்தச் சூடு கொடி வழியாக ஏறிப் பிள்ளைக்கு உசுர் வரும் என்பது மலையில் எல்லோரும் நம்புவது. சட்டி சூடாகிக்கொண்டிருந்தது, பிள்ளை வெறுந்தரையில் குளிர்ந்துகொண்டிருந்தது. இந்த முறை வலி எடுத்ததுமே பொன்னுமணி பக்கத்து வீட்டுக்காரியிடம் ரகசியமாகச் சொல்லியனுப்பியிருந்தாள்: "மருந்துக்கார அக்காவ வெரசா வரச் சொல்லு."

அப்படித்தான் கமர்நிசா இங்கே வந்து மாட்டிக்கொண்டாள். கையை விட்ட பிறகு எடுக்க முடியாது.

"ஜீப்பு வேணும்ணே."

"ஜீப்புல லோடு ஏத்தியாச்சு. இன்னைக்குப் போடியில காய் ஏலம் விடுறாக. சரக்கு போகலைன்னா முதலாளி என்னைய உரிச்சுருவாரு."

"லோடை இறக்குங்க."

"இறக்குறதா? சாரல் அடிக்கிறது தெரியலையா?"

"ஸ்டோரு தாழ்வாரத்துல வைங்க."

"தாழ்வாரம் ஒழுகுது. தார்ப்பாய் போட்டுல்ல மூடணும்."

"தார்ப்பாயும் எனக்கு வேணும்ணே. இவ மேல போர்த்த."

ராக்கையா முதல் முறையாகத் திரும்பினார். பொன்னுமணியின் முகம் தெரிந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. ஏலக்காய் பறிக்கும் நாளில் கூடை எடை பார்க்கும்போது பார்ப்பாளே, எடை போடுகிறவன் தட்டை அழுத்துகிறானா என்று, அந்தப் பார்வை. அவர் மறுபடி திரும்பிக்கொண்டார்.

"என் பேரைச் சொல்லாதே. நர்சு இறக்கச் சொல்லுச்சுன்னுதான் நான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

மூட்டைகள் இறங்கின. இரண்டை மட்டும் விடச் சொன்னாள் கமர்நிசா. பொன்னுமணியை நாலு பேர் கட்டிலோடு தூக்க, கமர்நிசா குனிந்த வாக்கில், கை உள்ளேயே இருக்க, கூடவே நடந்தாள். பக்கவாட்டில் நண்டு நடப்பதுபோல நடக்கவேண்டியிருந்தது. லயத்துப் பிள்ளைகள் சிரித்தன. ஒருத்தி அதட்டி உள்ளே தள்ளினாள்.

ஜீப்பு டிரைவர் ஒச்சப்பன் பின்கதவை இறக்கினான்.

"தலை முன்னாடி இருக்கணும்ணே. கால் பின்னாடி. இடுப்புக்குக் கீழ மூட்டையக் குடுங்க."

"தலை கீழயா போகுமே தங்கச்சி, இறக்கத்துல?"

"அதுக்குத்தான். வண்டி இறங்க இறங்க பிள்ளை மேல ஏறும். என் கைக்குக் கொஞ்சம் பாரம் குறையும்."

ஒச்சப்பன் யோசித்தான். பிறகு தலையாட்டினான். இப்படி ஒரு காரணத்துக்காக இறக்கத்தை அவன் யோசித்ததில்லை. கமர்நிசா பின்பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். கால் பாதி வெளியே தொங்கியது. ஒச்சப்பன் மூட்டை கட்டும் கயிறை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றி, ஜீப்பின் கம்பியோடு சேர்த்து இறுக்கினான்.

"வளைவுல பறந்துட்டீகன்னா பள்ளத்துல இறங்கித் தேட என்னால ஆகாது" என்றான்.

ராக்கையா முன்சீட்டில் ஏறினார். மருதாயி ஏறி மருமகள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு துணி மூட்டையும் ஒரு மண்சட்டியும் அவள் கூடவே ஏறின. சட்டி எதற்கு என்று கமர்நிசா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

எண்பத்திரண்டாம் வருஷம், ஆடிச் சாரல். மலைரோடு நனைந்து கிடந்தது.

மலைமேட்டில் இருந்த மெட்டுச் செக்போஸ்ட்டில் தடுப்புக் கம்பு இறக்கியிருந்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குடையோடு வந்தார். தோட்டத்து ஜீப்பு என்றதுமே அவருக்கு ஏலக்காய் வாசம் வந்திருக்க வேண்டும்.

"என்ன லோடு?"

"பிள்ளை லோடு சார்" என்றான் ஒச்சப்பன்.

"நக்கலா?" அவர் பின்பக்கம் வந்து தார்ப்பாயைத் தூக்கினார். பொன்னுமணியின் விரித்த கால்களும், நடுவே குனிந்திருந்த கமர்நிசாவும் தெரிந்தார்கள். அவர் தார்ப்பாயைப் போட்டுவிட்டு, ஆனால் போகாமல், "அதென்ன மூட்டை? பில்லு இருக்கா?" என்றார்.

"இருக்கு சார், இருக்கு" என்று ராக்கையா இறங்கப் போனார்.

"மூட்டைய இறக்கிக் காட்டணும். அந்தம்மா கொஞ்சம் கையை எடுத்துட்டு ஒதுங்கட்டும்."

"எடுக்க முடியாது" என்றாள் கமர்நிசா, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து.

"ஒரு நிமிசந்தாம்மா."

"ஒரு நிமிசம் நீங்க மூச்சை அடக்கிட்டு இருங்க சார். இருந்து காட்டினா எடுக்குறேன்."

குடைக்காரர் ராக்கையாவைப் பார்த்தார். ராக்கையா வானத்தைப் பார்த்தார். மருதாயி உள்ளேயிருந்து, "கம்பத் தூக்குய்யா, எம் மருமக இங்கயே பெத்துப்புட்டா பிள்ளைக்கு ஒம் பேர வைக்கணும்" என்றாள். கம்பு தூக்கப்பட்டது.

வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் கமர்நிசாவின் உடம்பு ஒரு பக்கம் போய்க் கயிற்றில் தொங்கி நின்றது. கை மட்டும் அசையவில்லை. வலி வரும்போதெல்லாம் பொன்னுமணியின் உடம்பு முழுவதும் ஒரே தசையாகி அவள் மணிக்கட்டை நெரித்தது. அப்போது கொடியின் துடிப்பு விரலுக்கு நடுவில் தேய்ந்து மறைந்துபோகும். கமர்நிசா இன்னும் அழுத்தித் தள்ளுவாள். வலி இறங்கும்போது துடிப்பு மெல்லத் திரும்பி வரும்.

"முக்காதே பொன்னுமணி. வாயைத் திறந்து ஊது. முக்கிராதே."

"அக்கா, இருக்கா?"

"இருக்கு."

அடுத்த வளைவு.

"இருக்கா?"

"இருக்கு. நீ ஊது."

"ஊதச் சொல்றா, அடக்கச் சொல்றா" என்றாள் மருதாயி. "பிள்ளை வர்ற நேரத்துல வராதேன்னு கையக் கொடுத்து அடைக்கிறவள இன்னைக்குத்தான் பாக்குறேன். உங்க போடியில இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"மதுரையில ஆத்தா."

"அங்கயுமா?"

மலை பாதி இறங்கியபோது கமர்நிசாவின் விரல் நுனிகள் எரிந்தன. பிறகு எரிச்சல் போய்க் குளிர்ந்தன. பிறகு அதுவும் போனது. தோளிலிருந்து கீழே தன் கை இருக்கிறது என்பது அவளுக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. தள்ளுகிற பலத்தைத் தோளிலிருந்தும் முதுகிலிருந்தும் கொடுத்தாள். கொடி துடிக்கிறதா என்பது தெரியவில்லை. விரல் ரெண்டும் யாருடையவோபோல இருந்தன.

"அக்கா, இருக்கா?"

கமர்நிசா தோளை இன்னும் அழுத்திக் கொடுத்தாள். பொன்னுமணி தலையைத் தூக்கப் பார்த்தாள். மூட்டையின் மேட்டுக்கு அந்தப்பக்கம் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

"இருக்கு" என்றாள் கமர்நிசா.

அதற்குப் பிறகு அடிவாரம் வரை கேட்டதற்கெல்லாம் அதையே சொன்னாள். தெரிந்து சொல்லவில்லை. இல்லை என்று சொல்லத் தனக்கு உரிமை இருப்பதாக அவள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

*

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது சீனிச்சாமி டாக்டரின் ஆஸ்பத்திரி. ஆபரேசன் செய்ய அவர் ஒருவர், கூட நிற்க செல்லத்தாய் என்ற நர்சு ஒருத்தி. மயக்க டாக்டர் வேண்டுமென்றால் தேனியிலிருந்து ஆள் வரவேண்டும். டாக்டர் ஜீப்பிலேயே ஏறிப் பார்த்தார். கமர்நிசாவின் கை இருக்கும் இடத்தைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எப்பலேருந்து?"

"மலை மேலேருந்து சார். கை மரத்துப் போச்சு. துடிக்குதான்னு எனக்குத் தெரியல."

டாக்டர் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். ஜீப்புக்குள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் எவனோ கம்பம் கம்பம் என்று கத்தி பஸ்சுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கு" என்றார் டாக்டர். "ரொம்ப மெதுவா. கையை எடுக்காதே. அப்படியே தியேட்டருக்குப் போவோம்."

"முதுகுல ஊசி போடணும்னா இவளத் திருப்பணுமே சார்."

"திருப்ப முடியாது. ஈதர் மயக்கந்தான். செல்லத்தாயி தலைமாட்டுல நிக்கட்டும், சொட்டு விட. நீ கீழ. நான் மேல. பிள்ளைக்கு ஆள் இல்லை. வெளிய வந்ததும் நீதான்."

வராந்தாவில் ராக்கையா, "ஆபரேசன்லாம் பண்ணனுமா டாக்டர்? அவ புருசன் ராசிங்காபுரத்துல வயலுக்குப் போயிருக்கான். அவனக் கேக்காம..." என்று ஆரம்பித்தார்.

"என்னையக் கேளுங்க" என்றாள் பொன்னுமணி கட்டிலிலிருந்து. "நான் இங்கதானே கிடக்கேன்."

கேட்க வேண்டிய ஆளையும் கேட்டாகிவிட்டது. கட்டில் உள்ளே போனது.

ஈதர் வாசம் அறையை நிரப்பியது. பச்சைத் துணிக்கு அடியில் கமர்நிசா முட்டிபோட்டிருந்தாள். இருட்டு, ரத்தம், துணியின் புழுக்கம். மேலே கத்தி, கத்தரி எல்லாம் தட்டில் விழுந்து எழும் ஓசை மட்டும் கேட்டது. தண்ணீர் வழிந்து அவள் கழுத்தில் இறங்கியது. திடீரென்று தோளில் இருந்த பாரம் இல்லாமல் போனது. இத்தனை நேரம் அவள் தள்ளிக்கொண்டிருந்த தலையை மேலே ஒருவர் எடுத்துக்கொண்டார்.

"வெளிய வா. துணியோட வா."

அவள் துணியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே மரத்திருந்தது, மடக்கினால் மடங்கியது, தொட்டது தெரியவில்லை. டாக்டர் பிள்ளையைத் தாயின் கால்களுக்கு நடுவே தாழ்த்திப் பிடித்திருந்தார். பெண் பிள்ளை. ஈரத் துணிபோல இருந்தது. வெள்ளை. கொடி சுருங்கி, நூல் கட்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"ரத்தம் நஞ்சுலயே தங்கிப்போச்சு" என்றார் டாக்டர். கொடியை நஞ்சுப் பக்கத்திலிருந்து பிள்ளையின் பக்கமாக, விரலால் பிழிந்து வழித்துவிட்டார். மறுபடி ஒருமுறை. சுருங்கிக் கிடந்த கொடியில் நீலம் ஓடியது. பிறகு இரண்டு இடுக்கிகள், நடுவில் ஒரு வெட்டு. பிள்ளைப் பக்கம் நீளமாக விட்டு வெட்டினார். "கொண்டு போ."

மேஜையில் சூடு பண்ணிய துணி விரித்திருந்தது. கமர்நிசா துடைத்தாள். ஈரத் துணியை எறிந்துவிட்டு வேறு துணியில் சுற்றினாள். வாயில் குழாயை விட்டு, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினாள். சளி வந்தது. மூக்கிலும் உறிஞ்சினாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் சுண்டினாள். ஒன்றும் இல்லை. வாய் திறக்கவில்லை, விலா அசையவில்லை. கொடியின் அடியை, தொப்புளை ஒட்டி, இரண்டு விரலால் பிடித்தாள்.

பிடித்தபடி நின்றாள்.

"சார்" என்றாள். "துடிப்பு இல்லை சார்."

செல்லத்தாய் ஈதர் சொட்டுவதை நிறுத்தாமல் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் வயிற்றுக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் தாய் போய்விடுவாள். திரும்பியும் பார்க்கவில்லை.

"எந்தக் கையால பாத்தே?"

கமர்நிசாவுக்குக் கேள்வி புரியவில்லை.

"எந்தக் கையால பாத்தேன்னு கேக்கேன். அந்தக் கை மரத்துப் போச்சுன்னு நீதானே சொன்னே. அந்தக் கையால நீ உன் துடிப்பையே பாத்தாலும் தெரியாது. மாத்து."

பழகிய கை தானாகப் போயிருந்தது. அவள் அதை எடுத்தாள், இடது கையை வைத்தாள்.

முதலில் தன் ரத்தம்தான் என்று நினைத்தாள். விரலைத் தளர்த்தினாள். மறுபடி வந்தது. மெதுவாக, சோம்பேறித்தனமாக, நின்றுவிடலாமா என்று யோசிப்பதுபோல ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

"இருக்கு."

"அப்ப ஊது. கன்னத்துக் காத்து போதும். நெஞ்சுக் காத்தை விட்டியானா நுரையீரல் கிழிஞ்சுரும்."

பிள்ளையின் மூக்கையும் வாயையும் சேர்த்து வாயால் மூடினாள். ஊதினாள். மார்பு லேசாக எழுந்தது. எடுத்தாள், விழுந்தது. ஊதினாள். பிள்ளையின் மேல் ஈதர் வாடை, ரத்த வாடை, கூடவே ஏலக்காய் வாடை. தாய் கிடந்து வந்த மூட்டையின் வாடை. அதுவரை பயத்தில் இருந்த கமர்நிசாவுக்கு இப்போது கோபம் வந்தது. நூலின் மேல் கோபம், மூட்டையின் மேல், குடைக்காரன் மேல், இந்தப் பிள்ளையின் மேலும். இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தாயிற்று, இனி இவள் விருப்பத்துக்கு விட முடியாது. ஊதினாள். எடுத்தாள். ஊதினாள்.

அப்போதுதான் கதவு திறந்தது.

மருதாயி நின்றாள். கையில் மண்சட்டி. சட்டியில் கங்கு. எதிரே இருந்த டீக்கடை அடுப்பிலிருந்து வாங்கியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால், "அம்மா, உள்ள போகக் கூடாது, அம்மா" என்று ஒச்சப்பன் ஓடிவரும் சத்தம்.

"பிள்ளை அழுகலைல்ல" என்றாள் மருதாயி. "எனக்குக் காது இருக்கு. நஞ்சக் குடுங்க. காய்ச்சணும்."

செல்லத்தாயின் கையில் ஈதர் புட்டி அப்படியே நின்றது. டாக்டரின் முதுகு விறைத்தது. அறை முழுக்க ஈதர் ஆவி. ஒரு பொறி போதும். டாக்டர் மிக மெதுவாக, தூங்கும் நாயைத் தாண்டுகிறவர்போல, "நெருப்பு. வெளிய" என்றார். கிழவி நகரவில்லை. டாக்டர் சொல்லி அவள் எதையும் கேட்டதில்லை.

கமர்நிசா வாயை எடுத்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் அவளிடம் இருந்தது.

"ஆத்தா. இந்த வாசம் பெட்ரோல் மாதிரி. நீ இன்னும் ஒரு எட்டு வச்சா உன் மருமக எரிஞ்சுருவா."

குனிந்தாள். ஊதினாள். எழுந்தாள்.

"கொடியும் அறுத்தாச்சு. இனி நஞ்சைக் காய்ச்சுனா நஞ்சுதான் வேகும்."

ஊதினாள்.

"என்னைய வைய்யணும்னா பிறகு வைய்யி. இப்பப் போ."

மருதாயியின் கண் வெட்டுப்பட்ட கொடிக்குப் போனது. அங்கிருந்து பிள்ளைக்கு. பிறகு மருமகளின் முகத்துக்கு. அது துணிக்கடியில் இருந்தது, நெற்றி மட்டும் தெரிந்தது. பின்னாலிருந்து ஒச்சப்பன் அவள் இரண்டு தோளையும் பிடித்துத் தானும் சேர்ந்து பின்னால் நடந்தான். கதவு சாத்தியது. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் மழைத் தண்ணீரில் கங்கு கொட்டப்படும் சீறல் கேட்டது.

ஈதர் மறுபடி சொட்டியது. கமர்நிசா ஊதினாள். இடது விரல் கொடியிலேயே இருந்தது. தட்டுகளுக்கு இடையில் இருந்த தூரம் குறைந்துகொண்டு வந்தது. வெள்ளையாக இருந்த மார்பில் ஒரு சிவப்பு, முதலில் கழுத்தடியில், பிறகு விலாவில். கை கால்கள் நீலமாகவே கிடந்தன. அவள் வாயை எடுத்தபோது பிள்ளை தானாக ஒரு தடவை விக்கியது. பிறகு சும்மா இருந்தது. ஏமாற்றுகிறாள் என்று நினைத்து கமர்நிசா மறுபடி ஊதப் போனாள். முகம் கோணியது. எதையோ கசந்து துப்பப் போகிறதுபோல வாய் ஒரு பக்கம் இழுத்தது. பிறகு அழுகை வந்தது. நல்ல அழுகை இல்லை, கம்மிய அழுகை, கிழவன் இருமல் மாதிரி.

"அது போதும்" என்றார் டாக்டர், தையலிலிருந்து தலையை எடுக்காமல். "ஆக்சிஜன் குழாயை மூக்குப் பக்கத்துல பிடி. கொடியைக் கட்டு. நல்லா இறுக்கிக் கட்டு, வலது கையால கட்டாதே."

செல்லத்தாய் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுதுவிட்டாள். டாக்டர் அதட்டினார், சொட்டைக் கவனி என்று.

*

மத்தியானத்துக்கு மேல் சாரல் விட்டிருந்தது. வராந்தா பெஞ்சில் கமர்நிசா உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்கக் காய்ந்த ரத்தம். டீ கிளாசை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

மருதாயி வந்து எதிரே நின்றாள். கையில் அதே சட்டி. இப்போது அதில் கங்கு இல்லை. வாழையிலை போட்டு மூடி, நஞ்சு இருந்தது. மலையில் நஞ்சைக் குப்பையில் போடுவது கிடையாது, வீட்டுப் பக்கத்தில் புதைக்க வேண்டும். கேட்டு வாங்கிவந்திருக்கிறாள்.

"பிள்ளை அழுகுறதுக்கு முன்னாடியே கொடிய அறுத்தது யாரு?"

"டாக்டர். நானா இருந்தாலும் அறுத்திருப்பேன்."

"அழுகாத பிள்ளைக்கு அறுக்கக் கூடாது."

"சரி ஆத்தா."

"நான் சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

"நானும் சொல்ல மாட்டேன்."

மருதாயி சட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். போகப் போனவள் திரும்பி, "பொம்பளப் பிள்ளையா இருந்தாலும் விரலக் குடுத்தா நல்லா இறுக்கிப் பிடிக்குது" என்றாள். நன்றி என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. கமர்நிசா எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ராக்கையா கடைவீதிப் பக்கத்திலிருந்து வந்தார். முதலாளி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார் என்று நடையிலேயே தெரிந்தது. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"தாழ்வாரத்துல வச்ச மூட்டை பூராவும் நனைஞ்சு போச்சாம். மேல தோட்டத்துலருந்து போன் வந்துருக்கு. ஜீப்புல வந்த ரெண்டும் ரத்தத்துல ஊறிப் போச்சு. காய் கறுத்துரும். இனி அதை எவன் எடுப்பான்."

கமர்நிசா டீயைக் குடித்தாள்.

"முதலாளி கொதிச்சுட்டாரு. டிஸ்பென்சரிய வேற ஆளுக்குக் குடுக்குறேங்கிறாரு. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், விவரம் தெரியாத பொண்ணுன்னு."

"விவரம் தெரிஞ்சுதான் இறக்கச் சொன்னேன். அதைச் சொன்னீகளா?"

"இந்தா, இதுதான் உங்கிட்ட. நல்லபடியாப் பேசி முடிச்சு வச்சுருக்கேன் பாரு. வீட்டுலதான் இருக்காரு. நீ நேரா வந்து, தெரியாம நடந்துபோச்சு, இனி நடக்காதுன்னு அவர் முன்னாடி நின்னு ரெண்டு கையையும் எடுத்து ஒரு கும்பிடு போட்டியானா, விட்டுருவாரு. உனக்கும் சோலி நிலைக்கும், எனக்கும் அவர்ட்ட மரியாதை மிஞ்சும். ஒரு கும்பிடுதானே."

உள்ளே பிள்ளை கத்தியது. கம்மல் போய்விட்டது. பொன்னுமணி மயக்கம் தெளிந்து ஏதோ கேட்கிறாள். செல்லத்தாய், "இருக்கு, இருக்கு, இந்தாதானே இருக்கு" என்று சொல்வது கேட்டது.

"தெரியாம நடக்கலைண்ணே" என்றாள் கமர்நிசா. "இனி நடக்காதுன்னும் சொல்ல முடியாது. அந்த லயத்துல இன்னும் நாலு பேருக்கு மாசம் ஏறிக்கிட்டு இருக்கு."

"அதையெல்லாம் சொல்லவேண்டாம்மா. கும்பிட்டாப் போதும்."

"அதுக்கு ரெண்டு கை வேணுமேண்ணே. ஒண்ணு செத்துக் கிடக்கு. எப்ப வரும்னு டாக்டருக்கே தெரியலை. அதை அவர்ட்டச் சொல்லிருங்க."

ராக்கையா அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே கடைவீதிக்கு நடந்தார்.

அவளுடைய வலது கை விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல உணர்வு திரும்ப ஆரம்பித்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.